பெருமாளுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான்

நீரஜாவின் கைப்பேசி அலறியபோது அவள் சித்தூரில், ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் தகரக் கூரைமேல் நின்றிருந்தாள்.

கையில் அளவு நாடா. தலையில் துப்பட்டாவை முக்காடாகப் போட்டிருந்தாள். கீழே லாரியிலிருந்து மாங்காய் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சோலார் பலகைகள் மாட்டும் கம்பெனியில் அவள் எஞ்சினீயர். புதுக் கூரைக்கு அளவெடுப்பது இன்றைய வேலை. பழைய கூரைகளைக் கண்காணிப்பது எல்லா நாளும் உள்ள வேலை. எந்த ஊரில் எந்தக் கூரை தும்மினாலும் அவள் கைப்பேசிக்குத் தெரிந்துவிடும்.

திரையைப் பார்த்தாள்.

திருப்பதி, சம்பத் மகால். மூன்றாவது வரிசை. ஏதோ ஒரு கேபிளின் தோல் உரிந்து பலகைச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கல்யாண மண்டபத்து மேனேஜர் கோவர்த்தனனை அழைத்தாள். அவன் எடுத்ததும் முதலில் நாதஸ்வரம்தான் பேசியது.

"சொல்லு மேடம்."

"உங்க கூரையில ஒரு கேபிள் ஃப்ரேம்ல உரசுது. போய்ப் பாருங்க. எதையும் தொடாதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க."

"கொரங்கா இருக்கும் மேடம். மலையடியில அலிபிரிக்குப் பக்கத்துல கீறோமே, சும்மா உடுமா? போன மாசம்கூட ஒயரப் புடிச்சி ஊஞ்சல் ஆடிக்கினு இருந்துச்சிங்க."

"குரங்கோ கரடியோ, போய்ப் பாருங்க."

"மூர்த்தம் நடந்துக்கினு கீது. தாலி ஏறினதும் போறேனே."

"இப்பவே."

கோவர்த்தனன் முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். மூன்றாம் மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"பொகைதான் மேடம். எவனோ பீடி குடிக்கிற மாதிரி, கொஞ்சூண்டு."

நீரஜாவின் குரல் மாறியது. "சிவப்புப் பொத்தானை அழுத்துங்க. உடனே."

கோவர்த்தனன் வாசல் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பொத்தானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

சோலார் பலகைக்கு வெயில்தான் முதலாளி. வெயில் இருக்கும்வரை அது மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருக்கும். கீழே மெயினை அணைத்தாலும், மீட்டரைப் பிடுங்கினாலும், கூரையில் ஓடும் கேபிளில் அறுநூறு வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டுதான் இருக்கும். தீப்பிடித்தால், அணைக்கப் போகிறவன் ஈரக் கையோடு அதைத் தொட்டால், அத்தோடு முடிந்தது. அதற்காகத்தான் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கூரையிலேயே, பலகைக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு வரிசையும் துண்டிக்கப்படும். கூடவே மெயினும் ஜெனரேட்டரும் நின்றுவிடும். யார் வந்தாலும் கண்ணில் படும்படி, நீரஜா அதை மண்டபத்து வாசலில், இடப்பக்கச் சுவரில் குழி வெட்டி, ஆள் உயரத்தில் வைத்திருந்தாள்.

கண்ணில் பட்டதுதான் வினையாகிவிட்டது. போன ஆவணியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை நாற்காலி போட்டு ஏறி அந்தப் பொத்தானை அழுத்திவிட்டது. மண்டபம் இருண்டது. மைக் செத்தது. அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள். பேசி உட்கார வைப்பதற்குள் மண்டபத்து முதலாளி சம்பத்குமாருக்கு வேட்டி நனைந்துவிட்டது.

திருப்பதியில் ஒரு சுவரைக் காப்பாற்றுவதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. சாமி டைல் ஒட்டிவிட்டால் போதும். துப்ப மாட்டார்கள், ஒன்றுக்கு ஒதுங்க மாட்டார்கள், சாய்ந்துகூட நிற்க மாட்டார்கள். சம்பத்குமார் கொத்தனாரை அழைத்துவந்து, பொத்தான் இருந்த குழியின்மேல் ஏழுமலையான் படம் போட்ட பெரிய டைல் ஒன்றைச் சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னார். கோவர்த்தனன்தான் கூட நின்று டைலைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு எந்தக் குழந்தையும் கை வைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கோவர்த்தனன் அதற்குத் துளசி மாலை சாத்தினான். போகிற வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நீரஜாவிடம் யாரும் சொல்லவில்லை.

"கோவர்த்தனன், கேக்குதா? அழுத்தியாச்சா?"

மேடையில் ஐயர் மாங்கல்யத் தட்டைச் சபையில் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார். இப்போது டைலை உடைக்க முடியாது. உடைத்து அழுத்தினாலும் போன ஆவணி திரும்ப வரும். வேலை போகும். கோவர்த்தனன் ஒரு முடிவுக்கு வந்தான்.

"அமுத்திட்டேன் மேடம்."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு இங்க அறுநூத்தி நாப்பது காட்டுது."

"தாலி ஏறட்டும் மேடம். ஒரே நிமிஷம்."

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான். நீரஜா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தீயணைப்பு நிலையத்தை அழைத்து முகவரி சொன்னாள். நாடாவைச் சுருட்டாமலே ஏணியில் இறங்கினாள்.

திருப்பதியில் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. அட்சதை பறந்தது. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ வெடித்தது. சிலர் அதையும் பட்டாசு என்று நினைத்தார்கள்.

சம்பத் மகாலின் மொட்டை மாடியில், பலகைகளுக்கு அடியில் நல்ல நிழல். நிழலை வீணாக்குவானேன் என்று பழைய பந்தல் துணி, மேடை அலங்காரத் தெர்மாகோல், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். பீடிப் புகை இப்போது கரும்புகையாகி விட்டது.

கோவர்த்தனன் இந்த முறை தயங்கவில்லை. மெயினை இறக்கினான். "எல்லாரும் வெளிய போங்க! மெதுவா! பந்திய உடு, எல போட்டா போட்டதுதான்!" என்று கத்தி, மணமக்களை மாலையோடு தெருவுக்குத் தள்ளினான். சமையல்காரர்களை எண்ணினான். மேளக்காரர்களை எண்ணினான். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று மூச்சு விட்டபோது கைப்பேசி ஒலித்தது.

பூக்கட்டும் பச்சையம்மாள்.

"நைனா கோவர்த்தனா, இன்னாடா இது, மேல ஒரே பொகையா கீது. கண்ணு தெர்ல."

 காலையில் கூடத்தில் இடமில்லை என்று அவன்தான் அவளை மேலே போகச் சொன்னான். ரிசப்ஷன் மாலைகளைப் பலகை நிழலில் உட்கார்ந்து கட்டச் சொன்னான். அவளுக்கு இடுப்புச் சரியில்லை. ஒருமுறை ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவாள்.

"எங்க கீற?"

"தொட்டிக்குப் பின்னால. படிக்கட்டு அந்தாண்ட கீதுடா. நடுவுல எரிஞ்சிக்கினு கீது. எப்பிட்ரா வருவேன்?"

"அங்கியே இரு. எதையும் தொடாத. கம்பிய கிம்பிய தொட்டுடாத!"

"தொட்டிக் கொழாய தொடலாமா?"

"அதத் தொற. பூ மூட்டைங்கள நனைச்சி மேல போத்திக்க."

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நிலைய அதிகாரி சலீம் குதித்து இறங்கினார். குப்பம் ஊர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர்.

"ஏமய்யா, மேல யாரு?"

"ஒரு அம்மா சார். பூக்கட்டற அம்மா. தொட்டிக்குப் பின்னால."

சலீம் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் சந்து. வண்டி நுழையாது. ஏணியை நிமிர்த்தினால் மின்கம்பி. உள்படிக்கட்டு ஒன்றுதான் வழி. மேலே போனால் பலகை வரிசைகளைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போக முடியும்.

"சோலார் ஆஃப் ஆச்சா?"

கோவர்த்தனன் இன்னொரு கையிலிருந்த மண்டபத்துக் கைப்பேசியை, ஒலிபெருக்கியில் போட்டு, நீட்டினான். மறுமுனையில் நீரஜா. திருப்பதிப் பக்கம் போகிற ஒரு காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வந்து சேர இன்னும் வெகுநேரம் ஆகும்.

"ஆகலை சார். அறுநூத்தி முப்பது இன்னும் நிக்குது."

"மெயின் எடுத்துட்டாங்களே. தானா விழாதா?"

"மெயின் போனா கூரையிலயும் தானா துண்டிக்கணும். இங்க துண்டிக்காது. பவர் கட் ஆகும்போதெல்லாம் கூரை அணைஞ்சு, கையால ரீசெட் பண்ண வேண்டியிருக்குன்னு சம்பத்குமார் சார் கேட்டுக்கிட்டாரு. கண்ட்ரோலுக்கும் மீட்டருக்கும் தனி பேட்டரி வெச்சுக் குடுத்தோம். மெயின் போனது அதுக்குத் தெரியாது, பொத்தானை அழுத்தினாதான் விழும்."

"யாரு குடுத்தது?"

"நான்தான் சார்."

சலீம் வாசல் பக்கம் திரும்பினார். "பட்டன் எங்க?"

"வாசல்ல, இடது பக்கச் சுவர்ல. சிவப்பா, பெருசா இருக்கும். பாத்தாலே தெரியும்."

சலீம் பார்த்தார். வாசல். இடது பக்கம். சுவர். ஏழுமலையான் துளசி மாலையோடு நின்றிருந்தார்.

"இங்க எதுவும் இல்லம்மா. சாமிதான் இருக்காரு."

"அங்க சாமியெல்லாம் கிடையாது சார். நானே மாட்டினேன்."

"சாமி இருக்காரும்மா!"

கோவர்த்தனன் அடித்தொண்டையில் சொன்னான். "சாமிக்குப் பின்னால கீது சார்."

சலீம் இரண்டே எட்டில் சுவரை அடைந்தார். கோடரியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

தெருவில் முந்நூறு பேர். பாதிப் பேர் கையில் கைப்பேசி. எல்லாம் அவரைப் பார்த்துத்தான் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் சட்டையில் பெயர் எழுதியிருந்தது. அலிபிரியில், ஏழுமலையான்மேல், சலீமின் கோடரி.

கையை இறக்கினார்.

"கோவர்த்தனா, நீ இடி."

கோவர்த்தனன் கோடரியை வாங்கினான். அவனுக்கும் கை எழவில்லை. போன சனிக்கிழமை சாத்திய மாலை இன்னும் முழுசாக வாடவில்லை.

"ஏய், சாமிமேல கை வெக்காதீங்க!" மாப்பிள்ளையின் பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "பதமா பேத்து எடுக்கலாம். உளி இருக்கா உளி? எவனாச்சும் ஒரு கொத்தனாரக் கூட்டினு வாங்க!"

"மேல ஒரு பொம்பள கீது!"

"அதுக்குன்னு? மொதல்ல கற்பூரம் ஏத்தி மன்னாப்பு கேட்டுக்குவோம். கற்பூரம் கொண்டாங்கப்பா!"

"ஐயா," என்றார் சலீம், "மேல எரியிறது பத்தலையா?"

அப்போது மண்டபத்தை ஒட்டிய வீட்டிலிருந்து பத்மாசனி வந்தாள். சம்பத்குமாரின் மனைவி. மடிசார் நனைந்திருந்தது. பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு நீர் பிடித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு அப்படியே வந்திருந்தாள்.

"ஏன் எல்லாரும் சுவத்தைப் பாத்துண்டு நிக்கறேள்? தீ மாடியிலன்னா இருக்கு?"

கோவர்த்தனன் சொன்னான். அவள் கேட்டாள். 

"ஐயா ஒரு வார்த்த சொல்லிட்டா..." என்று இழுத்தான்.

"அவர் மலையில கியூவில நிக்கறார். போனைக் கவுண்டர்ல வாங்கி வெச்சுண்டுட்டா. பெருமாளைச் சேவிச்சுட்டு அவர் வரச்சே இவ சாம்பலாப் போயிடுவா." கையை நீட்டினாள். "பச்சையம்மா பேசற போனைக் குடு."

வாங்கிக் காதில் வைத்தாள். "பச்சையம்மா? நான்தான் மண்டபத்து மாமி."

பதிலாக இருமல் வந்தது. நீண்ட இருமல். அதற்கு நடுவில் ஒரு சொல் வர முயன்று வராமல் போனது.

பத்மாசனி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. எதற்குப் போகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. வெளியே வந்தபோது, மணப்பெண் மிதிப்பதற்காக மேடையில் வைத்திருந்த அம்மியின் குழவி அவள் இரு கைகளிலும் இருந்தது. மஞ்சள் பூசிய குழவி.

குழவியைக் கீழே வைத்தாள். டைலிலிருந்து துளசி மாலையை எடுத்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"பிடிங்கோ."

அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் அதன்பிறகு அவரால் கையை ஆட்டிப் பேச முடியவில்லை.

"அபசாரம்தான்," என்றாள் பத்மாசனி பொதுவாக. "பாவம் என் தலையில. எல்லாரும் நன்னாப் படம் பிடிச்சுக்கோங்கோ."

ஓங்கி இடித்தாள். குழவி வழுக்கி ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. மறுபடி இடித்தாள். டைல் குறுக்காக விரிந்தது. கூட்டத்தில் யாரோ "கோவிந்தா" என்றார்கள்.

"இப்ப நகருங்கம்மா," என்றார் சலீம். கோடரியின் முனையை விரிசலில் செருகி நெம்பினார். கோவர்த்தனன் சில்லுகளை வெறுங்கையால் பிடுங்கினான். விரல் கிழிந்தது. பின்னால் சிமெண்ட் கட்டி. அதற்கும் பின்னால் சிவப்பு.

கோவர்த்தனன் உள்ளங்கையால் அழுத்தினான்.

"மேடம்?"

"அறுநூத்தி இருவது. எதுவும் மாறலை."

"அமுத்தினேன் மேடம்! சத்தியமா!"

"உள்ள போச்சா? டக்குன்னு சத்தம் வந்துச்சா?"

வரவில்லை. கொத்தனார் நல்ல வேலைக்காரர். பொத்தானைச் சுற்றி இடுக்கு விடாமல் சிமெண்ட் பாய்ச்சியிருந்தார். பொத்தான் அசையவே இல்லை.

மேலே ஒரு பலகை வெடித்துக் கண்ணாடிச் சிதறல் தெருவில் கொட்டியது. கூட்டம் பின்வாங்கியது. பச்சையம்மாளின் இணைப்பு அறுந்துபோயிருந்தது.

சலீம் கோடரியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, அதன் கூர் முனையால் பொத்தானைச் சுற்றிச் சுரண்டினார். தேங்காய் துருவுவது போல. பொடி உதிர்ந்தது. வாயால் ஊதினார். திரும்பச் சுரண்டினார். கோவர்த்தனன் தன் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினான்.

டக்.

ஓடும் காரில் நீரஜா திரையைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்தாள். அறுநூற்றுப் பதினெட்டு. அதே அறுநூற்றுப் பதினெட்டு. டிரைவர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை.

முப்பத்தொன்று.

நான்கு.

பூஜ்யம்.

"போகலாம் சார்! போங்க!"

சலீம் முகமூடியை மாட்டிக்கொண்டு இரண்டு பேரோடு படியேறினார். குழாய் பின்னால் பாம்பாக ஏறியது. மாடிக் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. தண்ணீரை விசிறி அடித்து வழி செய்தார்கள். ஓரிடத்தில் வரிசை சரிந்து பாதையை அடைத்திருந்தது. ஏறிக் கடக்க வேண்டும். பிடிக்க வேறு பிடிமானமில்லை, அலுமினியச் சட்டம்தான். சலீமின் கையுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலுக்குக் கீழே கணுக்கால் அளவு தண்ணீர்.

திரையில் பூஜ்யம் காட்டுகிறது என்று சித்தூரிலிருந்து வரும் ஒரு பெண் சொல்கிறாள். அவரிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

பிடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

தொட்டிக்குப் பின்னால் ஈரச் சாக்குக் குவியல் கிடந்தது. சாமந்தி சிதறியிருந்தது. குவியலைப் புரட்டினார். உள்ளே பச்சையம்மாள் சுருண்டு கிடந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே சாக்குக்கு வெளியே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு சலீம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"மெதுவா தூக்கு நைனா," என்றது காதருகே ஒரு கரகரப்பு. "இடுப்பு போச்சு எனக்கு."

கீழே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. படுக்க வைத்து மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கோவர்த்தனன் கூட ஏறி உட்கார்ந்தான். விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தான். பச்சையம்மாள் நல்ல கையால் முகமூடியை விலக்கினாள்.

"பொக வந்தது எப்படா தெரியும் ஒனக்கு?"

அவன் விரலில் சுற்றிய கைக்குட்டையை இறுக்கினான்.

"தாலிக்கு முன்னாலயா, பின்னாலயா? மேளச் சத்தம் எனக்கு மேல கேட்டுச்சி."

"முன்னால."

அவள் முகமூடியைத் திரும்ப வைத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்ப இடமில்லாததால் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

மதியம் தாண்டி, மலையில் போனைத் திரும்ப வாங்கியதும் சம்பத்குமார் மனைவியை அழைத்தார். அதற்குள் அவருக்கு யாரோ வீடியோவை அனுப்பியிருந்தார்கள். பத்மாசனி கரி படிந்த மண்டபத்து வாசலில், தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேன்," என்றார் அவர். "பொத்தான் வேலை செஞ்சுதா?" என்று கேட்டார்.

"முதல்ல அவ இருக்காளான்னு கேளுங்கோ."

மறுமுனையில் லட்டுக் கவுண்டர் ஒலிபெருக்கி யாரையோ வரிசையில் வரச் சொல்லித் தெலுங்கில் கூவிக்கொண்டிருந்தது.

"இருக்காளா?"

"இருக்கா. கை தேறுமான்னு டாக்டர் சாயங்காலம்தான் சொல்லுவாராம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. மண்டபத்துக்கு வர வேண்டாம்."